ஷாக் மவுண்ட் மாட்டியும் நிற்காத ‘தும்’ சத்தம்: ஈசூன் வீட்டு ஒலிப்பதிவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அங்கே இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பாலர் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதற்காக 24 சின்னக் கதைகளைத் தன் குரலில் வாசித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஏப்ரலில் தமிழ் மொழி விழா தொடங்குவதற்குள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஜனவரி தொடக்கத்தில் அவருடைய தம்பி மகன் என்னை அழைத்தான். நான் பகுதி நேரமாக ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன், அவன் என் பள்ளித் தோழன். இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

கருவிகள் சாதாரணமானவைதான். ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சர் மைக், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி), ஒரு லேப்டாப், மேசை விளிம்பில் கவ்வி நிற்கும் ஸ்பிரிங் கை. மைக்கின் எடை 345 கிராம், உடலின் விட்டம் 52 மி.மீ. இந்த இரண்டு எண்களும் பின்னால் வரும். பெட்டியோடு வருவது கெட்டியான பிடி, அதில் எலாஸ்டிக் எதுவும் கிடையாது. அடியதிர்வை வெட்டும் சுவிட்சும் இந்த மைக்கில் இல்லை.

அறை சின்னப் படுக்கையறை. இரண்டு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, அதனால் எதிரொலி தொல்லை இல்லை. ஆனால் ஜன்னலுக்கு எதிரே தூண்கள்மேல் ரயில் பாதை போகிறது. அது போக, இரண்டு மாடி மேலே ஒரு வீட்டில் புதுப்பிப்பு வேலை. சுவர் இடிப்பது மாதிரியான சத்தமான வேலைகளுக்கு வீவக அனுமதி வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் என்பதால், இரவு 7 மணிக்கு மேல் பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். அந்த நேரம்தான் வேலைவிட்டு வந்த எல்லா வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் நேரம் என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

முதலில் காதில் விழுந்தவை

முதல் வாரம் மூன்று கதைகள் பதிவாயின. ஹெட்ஃபோனில் கேட்டால் மூன்று விதமான தொல்லை. ஒன்று, டீச்சர் பக்கம் திருப்பும்போதும் முழங்கையை மேசையில் ஊன்றும்போதும் ‘தும்’. இரண்டாவது, சில நிமிடம் தொடர்ந்து இருந்து பிறகு காணாமல் போகும் ஓர் அடித்தொண்டை உறுமல். மூன்றாவது, ரயில்.

மூன்றையும் சேர்த்து ‘அறைச் சத்தம்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் தவறு இதுதான். மூன்றும் மைக்குக்கு வந்து சேரும் வழி வேறு வேறு, ஆகவே மருந்தும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமலே, ஷாக் மவுண்ட் ஒன்று, அதாவது அதிர்வு மைக்குக்கு ஏறாமல் தாங்கும் பிடி, வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

முதல் வாங்கல்: விட்டம் மட்டும் பார்த்தது

இணையத்தில் தேடி, 18 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு சிலந்தி வடிவ மவுண்ட் வாங்கினோம். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக எலாஸ்டிக். விற்பவர் போட்டிருந்தது விட்டம் மட்டும்தான்: 46 முதல் 53 மி.மீ. வரை. நம் மைக் 52, கச்சிதமாக உட்கார்ந்தது. எந்த எடை மைக்குக்கு என்று எங்கேயும் இல்லை, நானும் கேட்கவில்லை.

மாட்டிய அன்றைக்கே டீச்சர் சொன்னார், “தம்பி, இது மாட்டினதுக்கு அப்புறம் அந்த உறுமல் கூடின மாதிரி இருக்கே?”

“அப்படி ஆகாது டீச்சர், இதுவரைக்கும் கவனிக்காம இருந்திருப்போம்” என்றேன்.

அவர் சொன்னதுதான் சரி. முப்பது வருஷம் வகுப்பில் பின்வரிசை முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காது. பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒரே அளவில் வைத்து மறுநாள் கேட்டேன். ‘தும்’ கொஞ்சம் குறைந்திருந்தது, உறுமல் கூடித்தான் இருந்தது.

சீனப் புத்தாண்டு அன்று செய்த சோதனைகள்

சரி, வாங்குவதை நிறுத்திவிட்டு அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். சீனப் புத்தாண்டின் முதல் நாள் காலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மேல்வீட்டுக் குடும்பம் அன்று துணி துவைப்பதில்லை, அது அவர்கள் வழக்கம். புதுப்பிப்பு வேலையும் கிடையாது. கட்டடம் அத்தனை அமைதியாக வருஷத்தில் சில நாள்தான் கிடைக்கும்.

முதல் சோதனை தலையணை. மைக்கை மவுண்டிலிருந்து கழற்றி, கட்டில்மேல் இரண்டு தலையணைகளுக்கு நடுவே, வலைப்பகுதி மட்டும் வெளியே தெரியும்படி படுக்க வைத்து, அதே ஒலி அளவில் பதிவு செய்வது. இப்படி வைக்கும்போது குறைகிற சத்தம் தரை, மேசை, கை வழியாக ஏறி வருவது. குறையாமல் இருப்பது காற்று வழியாக வருவது. ரயில் கொஞ்சமும் குறையவில்லை. அதாவது உலகத்தின் எந்த ஷாக் மவுண்டும் ரயிலை நிறுத்தாது. அதை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கினோம்.

உறுமலை வேண்டும் என்கிற நேரத்தில் வரவழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. டீச்சர் வீட்டு இயந்திரத்திலேயே நாலு துண்டைப் போட்டு, பிழிகிற சுற்றை மட்டும் ஓட விட்டோம். நிமிடத்துக்கு 1200 சுற்று, அப்படியென்றால் வினாடிக்கு 20. ஆடசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவரிசைப் படம் (எத்தனை ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டுவது) எடுத்தால் 20 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, 40-இல் இன்னொன்று. இரவுப் பதிவுகளில் இருந்த உறுமலைத் திறந்து பார்த்தேன். அதே இடங்களுக்குப் பக்கத்தில் அதே இரண்டு மேடு. மேல்வீடோ கீழ்வீடோ, யாரோ துணி பிழிந்துகொண்டிருந்திருக்கிறார்கள், அது கான்கிரீட் வழியாக வந்து எங்கள் மேசைக் காலில் ஏறியிருக்கிறது. தலையணையில் வைத்தபோது இரண்டு மேடுமே பெரும்பகுதி அடங்கின.

மூன்றாவது சோதனைதான் விஷயத்தை உடைத்தது. மைக் மவுண்டில் இருக்க, பதிவு ஓட, மைக்கின் முகப்பை விரல் நுனியால் மெல்லத் தட்டிவிட்டு ஊசலாட விடுவது. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அலை மேலும் கீழும் போய் மெல்ல அடங்குவது தெரியும். ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 38 மில்லிவினாடி இருந்தது. 1000-ஐ 38-ஆல் வகுத்தால் சுமார் 26. அந்த மவுண்டில் அந்த மைக் இயல்பாக ஆடும் வேகம் 26 ஹெர்ட்ஸ்.

ஏன் கூடியது

ஷாக் மவுண்ட் என்பது ஒரு ஸ்பிரிங், அதில் தொங்கும் எடை மைக். இந்த ஜோடிக்கு இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. அந்த வேகத்தைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேலே வரும் அதிர்வைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, இயல்பு வேகத்துக்குப் பக்கத்தில் வந்தாலோ ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி பெருக்கிவிடும். 26 ஹெர்ட்ஸ் மவுண்ட் என்றால் 37 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் வேலையே தொடங்கும். 40-இல் வந்த மேட்டை லேசாகத்தான் தொட்டது. 20-இல் வந்ததைக் கூட்டிவிட்டது. டீச்சர் காதில் விழுந்தது இதுதான்.

அந்த எலாஸ்டிக் இன்னும் கனமான மைக்கை மனதில் வைத்து இறுக்கிக் கட்டியது. எடை கூடினால் இயல்பு வேகம் இறங்கும், ஸ்பிரிங் கெட்டியானால் ஏறும். 345 கிராம் மைக்குக்கு அது ஒரு கெட்டியான பிடிக்கு அடுத்தபடி, அவ்வளவுதான். கடையில் நின்றுகொண்டே பார்க்க ஒரு தோராயக் கணக்கு உண்டு: மைக்கை வைத்ததும் உள்வளையம் 1 மி.மீ. இறங்கினால் இயல்பு வேகம் சுமார் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. இறங்கினால் 8. வெளிவளையத்தை ஒப்பிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் கை இறங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆனால் இறக்கத்தை மட்டும் பார்த்தும் ஏமாறலாம். நிமிர்ந்து நிற்கும் இந்த மாதிரி மைக்கில் டயாஃபிரம், அதாவது ஒலியை வாங்கி அதிரும் மெல்லிய சவ்வு, முகப்புப் பக்கமாக நிற்கிறது. அது அதிர்வை அதிகம் உணர்வது முன்-பின் அசைவில்தான், மேல்-கீழ் அசைவில் அவ்வளவு இல்லை. ஆகவே மைக்கை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, அது தயங்காமல் அசைகிறதா என்று பார்ப்பது முக்கியம். நான் முகப்பைத் தட்டி அளந்ததும் அதனால்தான்.

அந்த நாளில் வேண்டாம் என்று விட்ட இரண்டு யோசனைகள்

தம்பி மகன், “பாம் ஷெல்ட்டருக்குள்ள போயிடலாமே அண்ணே” என்றான். 1997-இல் வந்த சட்டத்துக்கு அப்புறம் கட்டிய வீடுகளில் இருக்கும் அந்தத் தடித்த கான்கிரீட் அறை இந்த வீட்டிலும் இருந்தது, சாமான் அறையாக. இரும்புக் கதவைச் சாத்தினால் ரயில் நன்றாகவே குறைந்தது. ஆனால் குரல் டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆனது, பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது. உறுமல் இம்மியும் மாறவில்லை, அந்தச் சுவரும் அதே கட்டடத்தின் கான்கிரீட்தானே. அறுபத்தைந்து வயதுக்காரரை அதற்குள் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கதை படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மென்பொருளில் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு அடியை வெட்டிவிடுவது. உறுமலுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கம் திருப்பும் ‘தும்’ 150 ஹெர்ட்ஸ் வரை பரவி, குரலோடு கலந்துகிடந்தது. டீச்சர் பேசும் குரல் 170 பக்கம், அரக்கன் வேடம் கட்டினால் 110 வரை இறங்குவார், பிள்ளைகளுக்குப் பிடிப்பதே அந்தக் குரல்தான். அதை வெட்ட முடியாது. அதோடு, பலமான ஓர் இடி இன்டர்ஃபேஸிலேயே உச்சத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் எந்த ஃபில்டரும் அதைத் திருப்பித் தராது. ஃபில்டர் கடைசியில், 80 ஹெர்ட்ஸில் மட்டும் என்று முடிவானது.

எலாஸ்டிக்கை மாற்றிக் கட்டியது

வாங்கிய மவுண்டைத் தூக்கிப் போட மனமில்லை. தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடைகளைச் சுற்றி, மெல்லிய உருண்டை எலாஸ்டிக் வாங்கி வந்து பழையதைக் கழற்றிவிட்டுக் கட்டினேன். மூன்று முறை அவிழ்த்துக் கட்டிய பிறகு முகடுகளுக்கு இடையே 75 மில்லிவினாடி, அதாவது 13 ஹெர்ட்ஸ் கிடைத்தது. இயந்திரத்தை மறுபடி ஓட விட்டுப் பார்த்ததில் 40 ஹெர்ட்ஸ் மேடு முதல் மவுண்டில் இருந்ததைவிட 14 டெசிபெல் குறைந்திருந்தது. மலிவாக வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆனால் பக்கம் திருப்பும் ‘தும்’ மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவே இல்லை. இரண்டு நாள் அதைத் தேடினேன். காரணம் கேபிள். மைக்கையும் இன்டர்ஃபேஸையும் இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிளை அழகாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங் கையோடு இறுக்கிக் கட்டி, நுனியை விறைப்பாக மைக்கில் செருகியிருந்தோம். மேசையின் அதிர்வு எலாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு கேபிள் வழியாகவே மைக்குக்குப் போனது. கடைசிக் கட்டை அவிழ்த்து, மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தளர்ந்த வளைவு விட்டேன். ‘தும்’ அன்றைக்கே பாதிக்கு மேல் போனது. செலவு ஒரு காசு இல்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பது இன்னமும் உறுத்துகிறது.

மூன்று வாரம் கழித்து

அடுத்த மூன்று வாரத்தில் பதிமூன்றாம் கதை வரை வந்தோம். சரிபார்க்க உட்கார்ந்தபோது ஒன்பதிலிருந்து பதிமூன்று வரை ‘டக்’ என்று ஒரு கெட்டியான சத்தம், பழைய ‘தும்’மைவிட மோசம். போய்ப் பார்த்தால், எலாஸ்டிக் நாளுக்கு நாள் தளர்ந்து மைக் கீழே இறங்கியிருந்தது. அடிப்பக்கம் வெளிவளையத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றது. தொட்டுவிட்டால் அப்புறம் அது தொங்கவில்லை, உட்கார்ந்திருக்கிறது. அந்த அறையில் பதிவு நேரம் போக ஏர்கான் கிடையாது. துணிக்குத் தைக்கிற எலாஸ்டிக்கை நம் ஊர் வெக்கையில் இராப்பகலாக எடை தாங்க வைத்தால் இப்படித்தான் தொய்யும். அந்த வாரங்களில் தினமும் ஒரு முறை இடைவெளியைப் பார்த்திருந்தால் பிடித்திருப்பேன்.

ஐந்து கதைகளை மறுபடி படிக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. “பரவாயில்ல தம்பி, பதினோராவது கதை எனக்கே திருப்தியா வரல” என்றார். ஆனால் அந்த வாரம் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது எனக்குத் தெரியும்.

கடைசித் தேர்வு

இந்த முறை கேட்க வேண்டியதைக் கேட்டுத் தேடினோம்: 345 கிராமுக்கு ஏற்றதா, 52 மி.மீ. பிடிக்குமா, தொய்யாத பொருளா. எலாஸ்டிக் நூலே இல்லாத லைர் வகைக்கு வந்து சேர்ந்தோம். ரைகோட் நிறுவனம் பரவலாக்கிய வடிவம் அது. யாழ் போல வளைந்த பிளாஸ்டிக் துண்டுகள் மைக்கைத் தாங்கும், ஹைட்ரெல் என்ற வளைந்து நிமிரும் பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒரு பக்கம் தாராளமாக அசையவிடும், மற்ற பக்கங்களில் கட்டுப்படுத்தும். அசையவிடும் பக்கம் மைக்கின் முகப்பு நோக்கி இருக்கும்படி மாட்டுவது நம் பொறுப்பு. விலை முதல் மவுண்டைப் போல ஐந்து மடங்கு. தம்பி மகன் தயங்கினான், டீச்சர் யோசிக்காமல் வாங்கச் சொல்லிவிட்டார்.

வந்ததும் திருகு பொருந்தவில்லை. ஸ்பிரிங் கையில் இருந்தது 3/8 அங்குலத் திருகு, மவுண்டில் 5/8 அங்குலத் துளை. இடையில் போடும் பித்தளை வளையம் சிம் லிம் டவரில் ஒரு கடையில் கிடைத்தது. இது சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு மாலைப் பதிவு இதனால் போனது.

தட்டிப் பார்த்ததில் 90 மில்லிவினாடி, 11 ஹெர்ட்ஸ். துணி இயந்திரச் சோதனையில் 40 ஹெர்ட்ஸ் மேடு பின்னணியோடு கலந்துவிட்டது. 20-இல் இருந்தது தெளிவாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. 11 ஹெர்ட்ஸ் மவுண்டிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, மீதியை 80 ஹெர்ட்ஸ் ஃபில்டர் பார்த்துக்கொண்டது. வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரை மவுண்டின் மேல் கவ்வாமல் தனிக் கம்பியில் நிறுத்தினோம், அதன் எடை தொங்கலைச் சாய்த்துவிடக்கூடாது என்பதால். டீச்சர் தாள்களுக்குப் பதிலாகக் கையில் பிடித்த டேப்லெட்டில் படிக்கத் தொடங்கினார். மேசையைத் தொட வேண்டிய வேலையே இல்லாமல் போனது, ‘தும்’முக்குக் கடைசி அடி அதுதான்.

பிறகு நடந்தது

ஐந்து மறுபதிவும் மீதிக் கதைகளும் மார்ச் கடைசி வாரத்தில் முடிந்தன. ரயிலுக்கு ஜன்னலைச் சாத்தியும் பயன் ஓரளவுதான். ரயில் வரும்போது நிறுத்தி, அது போனதும் வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பது என்று பழகிக்கொண்டோம். ஒரு மணி நேரப் பதிவில் பதினைந்து நிமிடம் இதற்கே போனது.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

வாங்குவதற்கு முன் தலையணைச் சோதனை. பத்து நிமிட வேலை, 18 வெள்ளியையும் மூன்று வாரத்தையும் காப்பாற்றியிருக்கும். அடுத்து கேபிளைத் தளர்த்துவது. இந்த இரண்டுக்கும் பிறகுதான் மவுண்ட் பற்றிய பேச்சே. விற்பவர் எடை வரம்பு போடவில்லை என்றால் கேட்பேன், பதில் வராவிட்டால் வாங்க மாட்டேன். மேசையில் கவ்வும் கையையும் அடுத்த முறை தவிர்ப்பேன். கனமான அடியுள்ள தரை ஸ்டாண்டை, வாசிப்பவர் தொடாத இடத்தில் வைத்தாலே முழங்கைச் சத்தம் பாதி வழியிலேயே நின்றுவிடும். நம் வீடுகளில் தரையும் அதிரும், அதனால் மவுண்ட் அப்போதும் தேவைதான்.

எலாஸ்டிக்கை நானே கட்டிய அந்தப் பழைய மவுண்ட் இப்போது என் வீட்டில் இருக்கிறது, வேறு நூல் போட்டு, தொய்வை வாரம் ஒரு முறை அளந்து குறித்துவருகிறேன். எட்டு வாரத்தில் 1 மி.மீ. இறங்கியிருக்கிறது.